கூனிக்கு ஏது முதுகெலும்பு? ‘முதுகெலும்பிலி’ என்னும் சொல்

வேலூர் மார்க்கெட்டின் கருவாட்டுக் கடைகளில் நெத்திலி, வாளைக் குவியல்களுக்கு நடுவே ஒரு கூடையில் இளஞ்சிவப்பாகப் பொடி மாதிரி ஒன்று கிடக்கும். கையில் அள்ளிப் பார்த்தால் ஒவ்வொன்றும் முழு இறால். கறுப்புப் புள்ளியாகக் கண், மயிரிழை போல மீசை, அடுக்கடுக்கான ஓடு, எல்லாம் இருக்கும். நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். எங்கள் பக்கத்தில் சென்னாக்குன்னி என்போம்; கூனி என்றாலும் புரியும். ஆழாக்கால் அளந்து போடுவார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயோடு சேர்த்து வதக்கினால் தெருவே மணக்கும். கடல் எங்களுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பல வீடுகளில் குழந்தைகள் முதலில் பார்க்கும் கடல் உயிர் இந்தக் கூனிதான்.

பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். முதுகெலும்பில்லாத விலங்குகளுக்கு எடுத்துக்காட்டாகக் கூனியைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தாள். “சார், கூனின்னா கூன் விழுந்ததுதானே? முதுகு வளைஞ்சாத்தானே கூனு? அப்புறம் எப்படி அதுக்கு முதுகெலும்பே இல்லன்றீங்க?” அருமையான கேள்வி. அடுத்த நாள் நெத்திலிக் கருவாட்டையும் கூனியையும் கொஞ்சம் வாங்கி, இரவே தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்துப் போனேன்.

ஊறிய நெத்திலியை நடுவில் பிளந்தால் நூல் போல ஒரு முள் தனியாக உரிந்து வரும். உருப்பெருக்கியில் பார்த்தால் அது ஒரே முள்ளாக இருக்காது. கோத்த மணிகள் மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளின் வரிசை. அந்த மணி ஒவ்வொன்றும் ஒரு முள்ளெலும்பு, வரிசை முழுவதும் சேர்ந்தது முதுகெலும்பு. கூனியை அதே மாதிரி பிளந்தோம். வெளியே ஓடு, உள்ளே சதை, குடல். அந்த மணிக்கோவை எதுவும் இல்லை. உடம்பைத் தாங்குவது வெளியே இருக்கும் அந்த ஓடுதான். தசைகள் ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு இழுக்கின்றன. வளைந்திருப்பது ஓட்டின் அடுக்கு. ஆக, கூனிக்கு முதுகு உண்டு, கூன் உண்டு, முதுகெலும்பு கிடையாது.

இனி சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘இன்வெர்டிபிரேட்’. அதன் வேர் ‘வெர்ட்டெப்ரா’ என்ற இலத்தீன் சொல். திரும்புதல், சுழலுதல் என்று பொருள்படும் ‘வெர்ட்டெரே’யிலிருந்து வந்தது. உடம்பு திரும்புவதற்கு உதவும் மூட்டு என்பது அதன் கருத்து. இலத்தீன் அந்த உறுப்பைச் செய்யும் வேலையால் அழைத்தது. தமிழ் அது இருக்கும் இடத்தாலும் ஆன பொருளாலும் அழைக்கிறது.

இந்தப் பெயரின் கதை 1758இல் தொடங்குகிறது. ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் அப்போது விலங்குகளை ஆறு வகுப்பாகப் பிரித்தார். பாலூட்டி, பறவை, இருவாழ்வி, மீன், பூச்சி என்று ஐந்து போக, எதிலும் சேராததையெல்லாம் ‘வெர்மெஸ்’, அதாவது புழுக்கள், என்ற ஆறாவது பெட்டியில் போட்டார். நத்தை, கணவாய், நட்சத்திர மீன், சொறிமீன் எல்லாம் அவர் கணக்கில் புழு. 1793இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேராசிரியர் பதவிகளைப் பங்கிட்டபோது, பூச்சிகளும் புழுக்களும் லாமார்க் என்ற பிரெஞ்சு அறிஞரின் பங்குக்கு வந்தன. அதுவரை தாவரவியல்காரராக இருந்தவர், ஐம்பதை நெருங்கும் வயது. அந்தக் குப்பைப் பெட்டியை அவர் பொறுமையாகப் பிரித்தார். இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளையும் சிலந்தியினத்தையும் பூச்சிகளிலிருந்து தனியாக எடுத்தார். வளையப் புழுக்களைத் தனி வகுப்பாக்கினார். 1801இல் எழுதிய நூலில் மொத்தக் கூட்டத்துக்கும் முதுகெலும்பற்ற விலங்குகள் என்ற பொருளில் பிரெஞ்சுப் பெயரிட்டார். அன்று தொட்டு அதுவே நிலைத்துவிட்டது.

தமிழில் முதுகு + எலும்பு + இலி. ‘இலி’ என்றால் இல்லாதது. ஏதிலி, கம்பியிலி என்பவற்றில் வருகிற அதே ஈறு. ‘முதுகெலும்பற்றவை’ என்றும் எழுதுகிறோம். இலங்கைத் தமிழில் ‘முள்ளந்தண்டிலி’. மூன்றும் சரிதான். ஒருமை, பன்மை இரண்டுக்கும் வளைந்து கொடுப்பதால் எனக்கு ‘முதுகெலும்பிலி’ பிடிக்கும்.

வெறும் ‘என்பிலி’ போதாதா என்று கேட்கலாம். திருக்குறளின் 77ஆம் குறளிலேயே ‘என்பிலது’ இருக்கிறது. எலும்பில்லாத உயிரை வெயில் காய்வது போல, அன்பில்லாத உயிரை அறம் காயும் என்பது கருத்து. இந்தக் குறள் புரிய வேலூர்ப் பிள்ளைகளுக்கு உரையே வேண்டாம். இரவு கோடை மழை பெய்து, காலையில் பள்ளிச் சிமெண்டுத் தரையில் மண்புழுக்கள் ஊர்ந்திருக்கும். பத்து மணி வெயில் ஏறுவதற்குள் சணல் துண்டு போலச் சுருண்டு கிடக்கும். ஆனாலும் அறிவியல் கலைச்சொல்லாக ‘என்பிலி’யை வைக்க முடியாது. சுறாவுக்கு உடம்பில் கெட்டி எலும்பே இல்லை, எல்லாம் குருத்தெலும்பு. ஆனால் அந்தக் குருத்தெலும்பிலேயே முள்ளெலும்பு வரிசை முழுதாக இருக்கிறது. அதனால் சுறா முதுகெலும்பி.

மறுபக்கம், நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று வெள்ளையாக ஒன்று கொடுப்பார்களே, அது கணவாயின் முதுகுத் தோலுக்கு அடியில் இருப்பது. எலும்பு போலவே தோன்றும். அது உள்ளே போய்விட்ட ஓடு. நத்தைக்கும் சிப்பிக்கும் வெளியே இருப்பது கணவாய்க்கு உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். கணவாய் முதுகெலும்பிலி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘முதுகுநாணற்றவை’ என்ற சொல்லையும் முதுகெலும்பிலி என்ற பொருளிலேயே பலர் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. முதுகுநாண் என்பது கருவில் முதுகை ஒட்டி ஓடும் வளையக்கூடிய ஒரு தண்டு. முதுகெலும்புள்ள எல்லா விலங்குக்கும் கருவில் அது உண்டு. ஆனால் முதுகுநாண் இருந்தும் முதுகெலும்பு இல்லாத உயிர்கள் கடலில் இருக்கின்றன. பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டு, தொட்டால் தண்ணீரைப் பீச்சும் பை போன்ற சீ ஸ்குவர்ட் ஓர் எடுத்துக்காட்டு. வளர்ந்ததைப் பார்த்தால் யாரும் நமக்கு உறவு என்று சொல்லமாட்டார்கள். அதன் இளம்பருவம் தலைப்பிரட்டை போல நீந்தும், வாலில் முதுகுநாண் இருக்கும். 1866இல் கோவலேவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் இதைக் காட்டினார். எனவே அது முதுகெலும்பிலி, ஆனால் முதுகுநாணி. வினாத்தாளில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு மதிப்பெண் இழந்த பிள்ளைகள் நிறையப் பேர், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சொல் சரி, கலைச்சொல்லும் சரி. ஆனால் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. எங்கள் ஊரைப் பற்றி ஒரு வழக்கு இருக்கிறது: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். இப்படி இல்லாததை வைத்தே வேலூரை அடையாளம் சொல்வார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேசுவரரை மீண்டும் வைத்தது 1981இல். நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் ‘சாமியில்லாக் கோயில்’ வாயை விட்டுப் போகவில்லை. இல்லை என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால், இருப்பது கண்ணில் படாமலே போகிறது. இதுவரை பெயரிட்டு விவரித்த விலங்கினங்களில் 100க்கு 95க்கு மேல் முதுகெலும்பிலிகள். ஒரு சிறு கூட்டத்துக்கு இருக்கிற உறுப்பு இல்லை என்று சொல்லி, உலகத்தின் பெரும்பான்மைக்குப் பெயர் வைத்திருக்கிறோம். துணிவில்லாதவரை ‘முதுகெலும்பு இல்லாதவர்’ என்று திட்டும் வழக்கமும் ஆங்கிலத்தைப் பார்த்து வந்ததுதான். நம் பழைய வழக்கில் கோழை புறமுதுகு காட்டுவான்.

தமிழ் மரபு இந்த உயிர்களைப் பார்த்த விதம் வேறு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றுக்கு இருக்கிற அறிவால் வகுக்கிறது. நந்தும் முரளும் ஈரறிவு. அதாவது நத்தையும் சிப்பியும். நண்டும் தும்பியும் நான்கறிவு. இன்றைய அறிவியல் இந்த எண்ணிக்கையை ஏற்காது. ஆனால் எண்ணியது உள்ளதை. குறுந்தொகையின் 109ஆம் பாட்டில் அலை கொண்டுவந்து தள்ளும் இறால் கூட்டத்துக்கு ‘முடங்குபுறப் பெருங்கிளை’ என்று பெயர். புறம் என்றால் முதுகு; முடங்கிய முதுகையுடைய பெரிய சுற்றம். கருவாட்டுக் கடையில் ‘கூனி’ என்கிறபோது நாமும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறோம். கடல் அட்டை, சொறிமீன் எல்லாம் கடற்கரையில் வாழ்கிறவர்கள் உடம்பைப் பார்த்து, தொட்டு, கடிபட்டு வைத்த பெயர்கள்.

இருப்பதைச் சொல்லாமல் விட்டால் இழப்பதும் தெரியாது. கடல் அட்டை கடலடி மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கலைத் தின்று, சுத்தமான மணலை வெளியே தள்ளுகிறது. ஏற்றுமதிக்காக வாரிவாரி எடுத்ததால் 2001இல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், சேர்க்க வேண்டி வந்தது. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. என்பிலதனை வெயில் காய்ந்தது. மருந்துக்காக நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து இறங்கும் ஊர் எங்கள் வேலூர். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைட்டரபின் மருந்து, கரீபியக் கடலின் ஒரு கடற்பஞ்சில் 1950களில் கண்ட மூலக்கூறுகளை முன்மாதிரியாக வைத்து உருவானது. கடற்பஞ்சுக்கு எலும்பும் இல்லை, மூளையும் இல்லை, நரம்பும் இல்லை.

இப்போதெல்லாம் அந்தப் பாடத்தன்று கரும்பலகையின் மேலே ‘முதுகெலும்பிலி’ என்று எழுதிவிட்டுச் சாக்பீஸைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறேன். தெரிந்த பெயரையெல்லாம் அவர்களே எழுதுவார்கள்: மண்புழு, நத்தை, வயல் நண்டு, தும்பி, மரவட்டை, கூனி. பக்கத்தில் அதற்கு என்ன இருக்கிறது என்றும் எழுத வேண்டும். கடைசியாக ஒரு பையன் ‘மட்டி’ என்று எழுதி, சட்டைப் பையிலிருந்து ஒரு ஓட்டை எடுத்து மேசையில் வைத்தான். வெளியே கறுப்பு, உள்ளே முத்துப் போல மினுமினுப்பு. “சார், இது கடல்லேர்ந்து வந்துதா?” என்றான். எங்கேடா எடுத்தாய் என்று கேட்டேன். அவன் ஊர் ஏரிக்கரையில் எடுத்தது.