கமிஷன்: போர்க்கப்பலின் பணியேற்பு

கமிஷன் என்ற சொல் தமிழ்க் காதுக்குப் புதிதில்லை. மண்டியில் வெங்காய மூட்டைக்குப் பிடிக்கும் கமிஷன், நீதிபதி தலைமையில் அமைக்கும் விசாரணைக் கமிஷன், ராணுவத்தில் அதிகாரி பெறும் கமிஷன் என்று மூன்று இடங்களில் அதைக் கேட்டிருப்போம். நான்காவது இடம் கப்பல். இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கப் போர்க்கப்பல் எதன் வரலாற்றைத் திறந்தாலும், தொடக்கத்திலேயே அது கமிஷன் செய்யப்பட்ட நாள் இருக்கும். இறுதியில் டீகமிஷன் செய்யப்பட்ட நாள் இருக்கும். இவற்றைக் 'கட்டப்பட்டது', 'உடைக்கப்பட்டது' என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே பிழை. இந்தப் பிழையால் கப்பலின் வயது, போரில் அது இருந்த காலம், அதன் முடிவு எல்லாமே மாறிப்போகின்றன.

வேர், லத்தீனின் 'கொமித்தெரே'. 'ஒப்படைத்தல்' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒப்படைத்த பொறுப்புக்கும் அந்தப் பொறுப்பைத் தரும் அதிகாரப் பத்திரத்துக்கும் அதுவே பெயரானது. மண்டிக் கமிஷனும் இதே வேரில் முளைத்ததுதான்: விவசாயி சரக்கை ஒப்படைக்கிறார், மண்டிக்காரர் அவருக்காக விற்றுக் கொடுக்கிறார். ஒப்படைப்பின் பெயர் நாளடைவில் அதற்கான கூலிக்கும் ஒட்டிக்கொண்டது.

கப்பலுக்கு இந்தச் சொல் வந்தது தலைவன் வழியாக. பழைய ஆங்கிலக் கடற்படையில், இன்ன கப்பலை நடத்து என்று ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பார்கள். அவர் அதைக் கையில் வாங்கிக் கப்பலின் பொறுப்பை ஏற்றதும் கப்பல் 'கமிஷனில் இருக்கிறது' என்றார்கள். ஆளுக்குக் கொடுத்த பத்திரத்தின் பெயர், அவர் ஏறிய கப்பலின் நிலைக்கும் பெயராகிவிட்டது. அமெரிக்கர்கள் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

சடங்கைப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். கட்டும் தளம் கப்பலைக் கடற்படையிடம் ஒப்படைக்கிறது. கமிஷன் ஆணை வாசிக்கப்படுகிறது, தேசியக் கொடி ஏறுகிறது. கூடவே பாய்மரத் தண்டின் உச்சியில் ஒரு நீண்ட, ஒடுங்கிய கொடி ஏறும்: கம்பத்தை ஒட்டிய பகுதி நீலம், அதில் 7 வெள்ளை நட்சத்திரங்கள், மீதி நீளம் சிவப்பும் வெள்ளையும். தலைவர் தமக்கு வந்த ஆணையை வாசித்துப் பொறுப்பேற்கிறார். உடனே முதல் காவலை அமர்த்தச் சொல்கிறார். கப்பலின் நாட்குறிப்பு அந்தக் காவலிலிருந்துதான் தொடங்குகிறது. தேசியக் கொடி துறைமுகத்தில் மாலையில் இறங்கும். இந்த ஒடுங்கிய கொடியோ டீகமிஷன் நாள்வரை இரவும் பகலும் பறக்கும். பெயருக்கு முன்னால் வரும் 'யு.எஸ்.எஸ்.' என்ற முன்னொட்டும் கமிஷனில் உள்ள கப்பலுக்கே உரியது. தியோடர் ரூஸ்வெல்ட் 1907-இல் பிறப்பித்த ஆணை இதை முறைப்படுத்தியது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? செய்தித்தாள்கள் 'கடற்படையில் இணைப்பு' என்றும் 'நாட்டுக்கு அர்ப்பணிப்பு' என்றும் எழுதுகின்றன. முதலாவது ஓரளவு சரி. ஆனால் அதன் எதிர்ச்சொல்லாகக் 'கடற்படையிலிருந்து நீக்கம்' என்று எழுதும்போது சறுக்குகிறோம், ஏனென்றால் டீகமிஷன் ஆன கப்பல் கடற்படையின் சொத்தாகவே நீடிக்கலாம். 'அர்ப்பணிப்பு' மேடைப் பேச்சுக்கு ஆகும், பதிவேட்டுக்கு ஆகாது. 'பணியமர்த்தல்' ஆளெடுப்பதை நினைவூட்டுகிறது.

பொருத்தமான சொல் நம் அரசு அலுவலகங்களிலேயே இருக்கிறது. இடமாறுதலில் ஓர் ஊழியருக்குப் பணிப்பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள்? பணியேற்பு, பணி விடுவிப்பு. விடுவிக்கப்பட்டவர் வேலையை இழந்தவர் இல்லை. நாளை வேறிடத்தில் மறுபடி பணியேற்பார். கமிஷன், டீகமிஷன் இரண்டின் உறவும் இம்மி பிசகாமல் இதுவே. ஆகவே கமிஷன் 'பணியேற்பு', டீகமிஷன் 'பணி விடுவிப்பு', ரீகமிஷன் 'மறுபணியேற்பு'. கடற்படைக் கப்பல் பதிவேட்டிலிருந்து பெயரை அடிப்பது 'பதிவுநீக்கம்'. அது தனி நிகழ்வு, பல ஆண்டுகள் கழித்தும் நடக்கலாம்.

பணியேற்புக்கு முந்தைய இரண்டு நாள்களையும் இதோடு குழப்பக்கூடாது. ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், இடுதல் கட்டுமானத் தொடக்கம். நீரிறக்கம் என்பது கப்பலின் உடலைத் தளத்திலிருந்து தண்ணீருக்குத் தள்ளுவது. அன்று உள்வேலை பெரும்பாலும் முடிந்திருக்காது. இதற்கு 'வெள்ளோட்டம்' என்று எழுதுவதை விட்டுவிடலாம். கப்பல் தன் பொறியால் ஓடிப்பார்க்கும் சோதனைக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். ஓரிஸ்கனி என்ற விமானந்தாங்கிக் கப்பல் 13.10.1945-இல் நீரில் இறங்கியது. போர் முடிந்துவிட்டதால் இடையில் வேலையை நிறுத்தினார்கள். பிறகு வடிவமைப்பை மாற்றிக் கட்டி முடித்தார்கள். பணியேற்றது 25.9.1950-இல். நீரிறக்க நாளைப் பணியேற்பு நாளாக எழுதினால் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பிசகும்.

'தி சல்லிவன்ஸ்' என்ற அழிகலத்தை (டெஸ்ட்ராயர் வகைப் போர்க்கப்பல்) எடுத்துக்கொள்வோம். ஃபிளெட்சர் வகுப்பில், அதாவது ஒரே வடிவமைப்பில், கட்டிய 175 கப்பல்களில் ஒன்று, எண் 537. சான் பிரான்சிஸ்கோவில் 10.10.1942-இல் 'புட்னம்' என்ற பெயரில் ஏரா இட்டார்கள். அடுத்த மாதம் ஜூனோ என்ற போர்க்கப்பல் மூழ்கியதில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர், சல்லிவன் சகோதரர்கள், மாண்டார்கள். கட்டுமானத்தில் இருந்த கப்பலுக்கு அவர்கள் பெயரை வைத்தார்கள். 4.4.1943-இல் நீரிறக்கம், கப்பலுக்குப் பெயரிட்டவர் அவர்களுடைய தாய். 30.9.1943-இல் பணியேற்பு, 10.1.1946-இல் பணி விடுவிப்பு. கொரியப் போருக்காக 6.7.1951-இல் மறுபணியேற்பு, 7.1.1965-இல் மீண்டும் விடுவிப்பு. பதிவுநீக்கம் 1.12.1974-இல்தான். இப்போது பஃபலோ நகரில் காட்சிக் கப்பலாக இருக்கிறது.

பணிக்காலம் எவ்வளவு? முதல் பணியேற்பையும் கடைசி விடுவிப்பையும் மட்டும் பார்த்தால் 21 ஆண்டுகளுக்கு மேல் வரும். பதிவுநீக்க நாள்வரை கணக்கிட்டால் 31. சரியான முறை, ஒவ்வொரு பணியேற்பையும் அதன் விடுவிப்போடு இணைத்துக் கழித்துப் பிறகு கூட்டுவது: 2 ஆண்டு 3 மாதம், 13 ஆண்டு 6 மாதம், ஆக 15 ஆண்டு 9 மாதம்.

நியூ ஜெர்சி என்ற பெரும் போர்க்கப்பல் நான்கு முறை பணியேற்றது: 1943, 1950, 1968, 1982. விடுவிப்பு 1948, 1957, 1969, 1991. முதலுக்கும் கடைசிக்கும் இடையே 47 ஆண்டுகளுக்கு மேல். உண்மையான பணிக்காலம் 22 ஆண்டுகளைத் தொடவில்லை. பெயரை 1995-இல் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள், 1998-இல் திரும்ப எழுதினார்கள், 1999-இல் மறுபடி அடித்தார்கள். 'பதிவுநீக்கம்' என்று தனிச்சொல் இல்லாமல் இந்த வரலாற்றைத் தமிழில் எழுதவே முடியாது.

இடைக்காலத்தில் இப்படிப்பட்ட கப்பல்கள் எங்கே இருந்தன? சேமப்படையில். அமெரிக்கப் பேச்சுவழக்கில் அதைப் பாச்சை உருண்டைக் கப்பற்படை என்பார்கள். பெட்டியில் உருண்டை போட்டுப் பட்டுப்புடவையை வைக்கிற மாதிரியான பத்திரப்படுத்தல். துளைகளை அடைத்து, துப்பாக்கிகளை உறையிட்டு மூடி, உள்ளிருக்கும் காற்றின் ஈரத்தை இயந்திரம் வைத்து உறிஞ்சி, துரு பிடிக்காமல் காப்பார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது, 'சேமப்படை' போதும். கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: 'கமிஷனில், சேமத்தில்' என்றும் ஒரு நிலை உண்டு. குறைந்த ஆட்களோடு கொடி இறங்காமல் நிற்கும் கப்பல் அது. அந்த இடத்தில் விடுவிப்பு என்று எழுதிவிடக் கூடாது.

வேறு நாட்டுக்குக் கொடுத்த கப்பலுக்குப் பணிப்பதிவேடு இரண்டு. சாரெட் என்ற ஃபிளெட்சர் வகுப்பு அழிகலம் 1959-இல் கிரேக்கக் கடற்படைக்குப் போய் 'வேலோஸ்' ஆனது. அமெரிக்கப் பணிக்காலத்தோடு கிரேக்கப் பணிக்காலத்தைக் கூட்டக்கூடாது.

நாள்களைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை ஆவணங்களில் நாள் முதலில் வரும், மாதம் பிறகு. அமெரிக்கப் பொதுவழக்கில் மாதம் முதலில். எண்ணில் மட்டும் எழுதியிருந்தால் நியூ ஜெர்சியின் 1968 ஏப்ரல் 6, ஜூன் 4 ஆகிவிடும். இரண்டாவது ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

பணியேற்பு என்பது இடத்தைக் குறிப்பதில்லை, நிலையைக் குறிக்கிறது. பியூப்லோ என்ற உளவுக் கப்பலை 23.1.1968-இல் வடகொரியா பிடித்தது. பணியாளர்களில் ஒருவர் இறந்தார், 82 பேர் ஆண்டின் இறுதியில் விடுவிக்கப்பட்டார்கள். கப்பல் இன்று பியோங்யாங்கில் காட்சிப்பொருள். அமெரிக்கக் கடற்படைக் கணக்கில் அது இன்னமும் பணியில் உள்ள கப்பல்தான். அதற்குப் பணி விடுவிப்பு நாள் கிடையாது.