பழைய தபால் அட்டையில் எதை நம்பலாம்?

கொழும்புக் கோட்டையில் உள்ள ஜனாதிபதி மாளிகை, பிரித்தானியர் காலத்தில் ‘குயின்ஸ் ஹவுஸ்’. ஒல்லாந்தரின் கடைசி ஆளுநர் வான் அங்கல்பீக் கட்டிய வீடு அது. 1804இல் பிரித்தானிய அரசு அதை வாங்கியதிலிருந்து ஆளுநர்கள் அங்கே குடியிருந்தார்கள். கொள்ளுப்பிட்டிப் பக்கம் அலரி மாளிகை, சுதந்திரத்துக்குப் பின் பிரதமரின் இல்லமானது. காவல் மிகுந்த இத்தகைய வீடுகளின் முன்னால் நின்று இன்று நினைத்தபடி படம் எடுக்க முடியாது. நூறாண்டுக்கு முந்தைய முகப்பையும் வீதியையும் பார்க்க விரும்புகிறவருக்குப் பழைய தபால் அட்டைகள்தாம் கைகொடுக்கின்றன. ஆனால் ஓர் அட்டை எந்த அளவுக்கு உண்மை பேசுகிறது என்பது, அது எப்படி அச்சானது என்பதைப் பொறுத்தது. பத்து மடங்கு பெருக்கும் சிறு லென்ஸ் ஒன்று இருந்தால் அதை நாமே கண்டுபிடிக்கலாம்.

லென்ஸுக்குக் கீழே புழு நெளிந்தது போன்ற நுண்கோடுகள் ஒழுங்கின்றித் தெரிந்தால், அது ‘கொலோடைப்’ அச்சு. தடித்த கண்ணாடித் தகட்டில், பைக்குரோமேட் உப்பு கலந்த ஜெலட்டினைப் பூசிச் சூட்டில் உலர்த்துவார்கள். வறண்ட குளத்துச் சேறு வெடிப்பதுபோல ஜெலட்டின் சுருங்கிக் கண்ணுக்குத் தெரியாத மடிப்புகளாகிவிடும். அதன் மேல் புகைப்பட நெகட்டிவை வைத்து ஒளியைப் பாய்ச்சினால், ஒளி பட்ட அளவுக்கு ஜெலட்டின் இறுகும். நெகட்டிவில் ஒளி ஊடுருவும்படி தெளிவாக இருக்கும் பகுதிகள் உண்மைக் காட்சியில் நிழலானவை. அங்கேதான் ஒளி அதிகம் புகும். பிறகு தகட்டைக் கழுவி, கிளிசரின் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். இறுகாத இடம் நீரைக் குடித்து எண்ணெய் மையைத் தள்ளிவிடும்; இறுகிய இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். பாதி இறுகிய இடம் பாதி மையையே ஏற்கும். அதனால்தான் தாழ்வாரத்தின் அரை நிழலும் மரத்தடியின் மெல்லிருளும் படிப்படியாக அப்படியே இறங்குகின்றன. இந்த முறையின் அழகே இதுதான்.

அதன் குறை, ஜெலட்டின் விரைவில் தேய்வது. ஒரு தகட்டிலிருந்து ஓரிரு ஆயிரம் பிரதிகளே நன்றாக வரும். ஆகவே மலிவு அட்டைகளுக்கு ‘ஹாஃப்டோன்’ வந்தது. அதில் படம் ஒழுங்கான வரிசைகளில் அமைந்த புள்ளிகளாக உடைக்கப்படும். நிழலில் பெரிய புள்ளி, வெளிச்சத்தில் சிறிய புள்ளி. கண் அவற்றைக் கலந்து சாம்பலாக உணர்கிறது. புள்ளியைவிடச் சிறிய விவரம் எதுவும் அதில் தங்காது. ஜனாதிபதி மாளிகை இருக்கும் வீதியின் தொலைவில் தெரியும் சதாம் வீதி மணிக்கூட்டுக் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கொலோடைப் அட்டையில் அதன் முகத்தில் முட்களின் கீறலையாவது தேடிப் பார்க்கலாம். ஹாஃப்டோன் அட்டையில் அந்த இடத்தில் நாலைந்து கரும்புள்ளிகள் மட்டுமே இருக்கும்.

வண்ணம் வேறு கதை. 1914க்கு முந்தைய வண்ண அட்டைகளில் பெரும்பகுதி ஜெர்மனியில் அச்சானது. கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற புகைப்பட நிலையங்களின் கமராக்கள் பதிவுசெய்தது கறுப்பு வெள்ளைதான். கறுப்புப் படத்துக்கு மேல் சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அச்சிடுவார்கள். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று முடிவெடுத்த கைவினைஞர், கூடிப்போனால் ஒரு குறிப்புச் சீட்டைப் பார்த்திருப்பார். கொழும்பைப் பார்த்திருக்க மாட்டார். லென்ஸில் பாருங்கள்: மரத்தின் பச்சை இலைவிளிம்பைத் தாண்டிச் சுவரில் வழிந்திருக்கும். வானத்தில் மேகங்களைச் சேர்ப்பதும், இடைஞ்சலான கம்பிகளை அழிப்பதும் அவர்களுக்கு வழக்கமான வேலை. ஆகவே கட்டடத்தின் அமைப்புக்கு இந்த அட்டைகளை நான் சாட்சியாக ஏற்பேன். கூரை என்ன நிறம், சுவர் என்ன நிறம் என்பதற்கு ஏற்க மாட்டேன். அந்த வீடுகளைப் புதுப்பிக்கிறவர்களும் சுவருக்கு நிறம் தேர்வதற்கு வண்ண அட்டையை நம்பக் கூடாது; சுவரின் பூச்சு அடுக்குகளைச் சுரண்டிப் பார்ப்பதே சரியான வழி.

காலத்தை அறியப் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டும். முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு போட்ட அட்டையைப் பிரித்தானியா 1902இல் அனுமதித்தது. ஏனைய நாடுகள் அடுத்த சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. அதற்கு முன் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே. அதனால் நலம் விசாரித்தவர்கள் படத்தின் ஓரத்து வெள்ளையிலேயே எழுதினார்கள். ஒட்டிய முத்திரையில் இருப்பது விக்டோரியா அரசியா, ஏழாம் எட்வர்ட் அரசரா என்பதும் உதவும். தபாலகம் குத்திய தேதி மட்டும் ஏமாற்றும். ஒரே நெகட்டிவைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். அட்டை தபாலில் சேர்ந்த நாள் வேறு, படம் எடுத்த நாள் வேறு.

கொழும்பில் வைத்திருப்பவர்களுக்கு உண்மையான எதிரி காற்றின் ஈரம். ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். கடலோர நகரமான இங்கே அது பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. மரக்கூழ் அட்டையில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியில் பழுப்பாகிறது. அமிலம் தாளின் செல்லுலோஸ் இழைகளை வெட்ட, மூலைகள் ஒடிகின்றன. நேரடியாகப் புகைப்படத் தாளில் எடுத்த அட்டைகளின் ஜெலட்டின் ஈரத்தில் வீங்கிச் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் கண்ணாடியில் நின்றுவிடும். இதையெல்லாம் அறியாமல் தாத்தாவின் அட்டைகளை லமினேட் செய்துவிடுகிறார்கள். சூட்டில் உருகி ஒட்டும் அந்தப் பசையைப் பின்னர் பிரித்தெடுக்கவே முடியாது. பீவீசி பிளாஸ்டிக் உறைகளும் வேண்டாம், அவை நாளடைவில் அமிலத்தைக் கசியவிடும். பொலியெஸ்டர் உறையில் இட்டு, மூடி இறுகும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். பொதியின் மணிகள் நிறம் மாறியதும் புதியது போடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், மழைக்காலத்தில் முதலில் ஈரம் ஊறுவது அந்தச் சுவரில்தான்.