மான் விழுவது தோட்டாவாலா, கையாலா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அக்டோபர் பிறந்துவிட்டால் அவருடைய அலுவலகத்தில் வேறு பேச்சே கிடையாதாம். மான் வேட்டைக்கு .270 வின்செஸ்டர் தோட்டா நல்லதா, .30-06 தோட்டா நல்லதா, புதிதாக வந்த 6.5 கிரீட்மோர் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுமா என்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க வாக்குவாதம். "இயற்பியல்படி இதில் சண்டை போடும் அளவுக்கு விஷயம் இருக்கிறதா?" என்பது அவர் கேள்வி.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தப் பேச்சு நின்றுபோனது. விஸ்கான்சினில் அப்படியில்லை. நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள், ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் உரிமம் வாங்கிக்கொண்டு வெள்ளைவால் மானைத் தேடிக் காட்டுக்குள் போகிறார்கள். மான்களை அடித்து உண்ணும் ஓநாய் குறைந்துவிட்ட நிலத்தில் அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதும் இந்த வேட்டைதான். ஆகவே வேட்டை சரியா தவறா என்ற விவாதத்தை வைத்துவிட்டு, கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

முதலில் பள்ளிக்கூடக் கணக்கு. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது. .30-06 தோட்டாவில் 9.7 கிராம் குண்டு வினாடிக்குச் சுமார் 887 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆற்றல் ஏறத்தாழ 3,800 ஜூல். .270-இல் 8.4 கிராம் குண்டு 933 மீட்டர் வேகத்தில் போகிறது. சுமார் 3,660 ஜூல். வித்தியாசம் நூற்றுக்கு நான்குதான். இதில் ஆச்சரியமும் இல்லை. .30-06 வந்தது 1906-இல், .270 வந்தது 1925-இல். பின்னதன் பித்தளைக் கூடு முன்னதன் குடும்பத்தைச் சேர்ந்தது, கழுத்து மட்டும் குறுக்கப்பட்டது. 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் 3,100 ஜூலை ஒட்டி நிற்கிறது. மூன்றுமே மானுக்குத் தேவைக்கு மேல்.

பெரிய குண்டு மானை "அடித்துத் தள்ளும்" என்ற நம்பிக்கையும் நியூட்டனின் மூன்றாம் விதியிடம் தோற்றுவிடும். குண்டு எவ்வளவு உந்தத்தோடு முன்னே போகிறதோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே சுடுபவரின் தோள் வாங்குகிறது, அவர் விழுவதில்லையே! .30-06 குண்டின் உந்தம் முழுவதையும் 70 கிலோ மான் ஒன்று வாங்கிக்கொண்டால், அது வினாடிக்கு 12 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். எறும்பை விடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். மான் சாவது நுரையீரலும் பெரிய ரத்தக்குழாய்களும் கிழிந்து மூளைக்கு ரத்தம் நின்றுபோவதால். அதற்குப் பத்து வினாடி போல ஆகும். இதயத்தில் அடிபட்ட மானும் நூறு மீட்டர் ஓடுவது இதனால்தான். "என் தோட்டா சரியில்லை, மான் ஓடிவிட்டது" என்று குறைப்படுகிறவர்கள் பலர் உண்மையில் நல்ல அடிதான் அடித்திருப்பார்கள்.

சரி, குண்டு எங்கே படுகிறது என்பதுதான் எல்லாம் என்றால், அதற்கு வரலாற்றில் கொடூரமான ஓர் அத்தாட்சி உண்டு. டபிள்யூ.டி.எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றது .275 ரிக்பி, அதாவது ஏழு மில்லிமீட்டர் மவுசர் தோட்டா. இன்று மானுக்குப் பயன்படுத்தும் அளவு. மற்றவர்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றலுள்ள துப்பாக்கிகளைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பெல் செய்தது வேறு: யானை மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் மூளை எங்கே இருக்கும் என்று படித்தார். தந்தத்துக்காக நடந்த அந்தப் படுகொலையை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஆனாலும் அது சொல்லும் உண்மையை மறைக்க முடியாது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த துப்பாக்கியும் இதே .275 ரிக்பிதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு குண்டு குறி தவறுவதற்குப் பல காரணங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. தோட்டாவுக்குத் தோட்டா வெடிமருந்து அளவு இம்மியளவு மாறும். குழல் அதிரும். அப்புறம் சுடுபவரின் உடம்பு. நின்றபடி துப்பாக்கியை ஏந்தி அதன் தொலைநோக்கி வழியே பார்த்தால் குறுக்குக் கம்பி ஓரிடத்தில் நிற்காது. மூச்சோடு ஏறி இறங்கும், நாடித் துடிப்போடு விண் விண்ணென்று துள்ளும், விரல் விசையை இழுக்கும் கணத்தில் ஒரு பக்கம் சாயும். இந்தப் பிழைகள் எல்லாம் எப்படிக் கூடுகின்றன?

கையின் பிழை 10 சென்டிமீட்டர், தோட்டாவின் பிழை 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 13 என்றுதான் மனம் சொல்லும். அது தவறு. கைக்குத் தோட்டா என்ன செய்யப்போகிறது என்று தெரியாது. தோட்டாவுக்குக் கையைத் தெரியாது. கை வலப்பக்கம் 10 விலகும்போது தோட்டாவும் வலப்பக்கம் 3 விலகினால் 13. அதே தோட்டா இடப்பக்கம் விலகினால் 7. இரண்டும் சம வாய்ப்பு. இப்போது வர்க்கம் எடுத்துப் பாருங்கள்: 13-இன் வர்க்கம் 169, 7-இன் வர்க்கம் 49. இரண்டின் சராசரி 109. அது 100-உம் 9-உம் சேர்ந்தது! பத்தின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும். எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரத்தில் நடுவே ஒரு 2ab வருமே, அது ஒரு தரம் கூட்டலாகவும் ஒரு தரம் கழித்தலாகவும் வந்து, சராசரியில் தன்னைத் தானே அழித்துக்கொண்டுவிட்டது. மிஞ்சுவது இரண்டு வர்க்கங்கள் மட்டும். 109-இன் வர்க்கமூலம் 10.4. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்துக்குப் பிதாகரஸ் சொன்ன அதே விதி, முக்கோணமே இல்லாத இடத்தில் வந்து நிற்கிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு பிழைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் இரண்டு பக்கங்கள் போல நடந்துகொள்கின்றன. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதன் விளைவு கடுமையானது. வர்க்கம் எடுத்தவுடன் பெரியது பூதாகரமாகிறது, சிறியது காணாமல் போகிறது. நிறையப் பணம் செலவழித்துத் தோட்டாவின் பிழையைப் பாதியாக, 1.5 ஆகக் குறைக்கிறீர்கள். மொத்தப் பிழை 10.4-லிருந்து 10.1 ஆகிறது. மூன்று மில்லிமீட்டர் லாபம்!

இதையே மானின் மேல் வைத்துப் பார்ப்போம். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் என்பது பொதுவான கணக்கு. பிழைகள் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் மணி வடிவப் பரவலில் இருப்பதாகக் கொண்டால், நூறு குண்டில் 37 அந்த வட்டத்தில் விழும். தோட்டாவின் பிழையைப் பாதியாக்கினால் 39. தோட்டாவை அப்பழுக்கற்றதாக்கி அதன் பிழையைப் பூஜ்ஜியமே ஆக்கினாலும் அதே 39-ஐ ஒட்டித்தான் நிற்கும். இப்போது தோட்டாவைத் தொடாமல், தரையில் உட்கார்ந்து துப்பாக்கியை ஒரு கவைக்கொம்பில் சாய்த்துக் கையின் பிழையை 10-லிருந்து 5 ஆக்குங்கள். 77! நான் எடுத்துக்கொண்ட தோட்டா வேண்டுமென்றே மோசமானது; கடையில் கிடைக்கும் சாதாரணத் தோட்டாவே நூறு மீட்டரில் அதைவிடச் சிறப்பாகச் செய்யும். அப்படியும் கவைக்கொம்புதான் ஜெயிக்கிறது.

நார்வே நாட்டில் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பெரிய விலங்கைச் சுட விரும்புகிறவர் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும்: நூறு மீட்டரில் கலைமான் உருவத்தின் மேல் ஐந்து குண்டு, ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். தேர்வு கைக்கு.

மேசையில் துப்பாக்கியை மணல்மூட்டை மேல் வைத்து மூன்று குண்டு சுட்டு, துளைகள் நெருக்கமாக விழுந்தால் "இதுதான் என் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா" என்று முடிவு கட்டும் வழக்கம் இருக்கிறது. ஒரே துப்பாக்கி, ஒரே டப்பாவிலிருந்து எடுத்த தோட்டா. மும்மூன்றாகச் சுட்டுக்கொண்டே போனால், சராசரி அகலம் 3 சென்டிமீட்டராக இருக்கும்போது ஒரு தரம் 2 வரும், ஒரு தரம் 4 வரும். எதுவும் மாறாமலே! ஆக, இந்த டப்பா 2, அந்த டப்பா 4 என்று ஒப்பிடுவது தாயக்கட்டையை உருட்டிப் பார்த்து எந்தக் கட்டை நல்லது என்று சொல்வது போல. ராசியான தோட்டா என்ற நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது. வேட்டைக்காரர்களை மட்டும் சொல்வானேன்? மூன்று பேருக்குச் சர்க்கரை குறைந்தது என்று சூரணம் விற்பவரும், மூன்று ஜாதகம் பலித்தது என்று சொல்பவரும் செய்வது இதே பிழைதான். பத்தாம் வகுப்பில் திட்டவிலக்கத்தை வெறும் கணக்காகக் கற்றுக்கொடுக்காமல், இந்த மாதிரி ஏமாற்றங்களைக் கண்டுபிடிக்கும் கருவியாகக் கற்றுக்கொடுத்தால் ஊரில் பாதி மோசடி குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் தோட்டாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாமா? கட்டாயம் யோசிக்க வேண்டும், ஆனால் வேறு ஓர் இடத்தில். வழக்கமான வேட்டைக் குண்டு என்பது மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம். மானுக்குள் நுழைந்ததும் அதன் மூக்கு நசுங்கி, உறை இதழ் இதழாகப் பின்னோக்கிச் சுருண்டு, காளான் போல விரிகிறது. விரியும்போது ஈயம் பொடிப்பொடியாகச் சிதறுகிறது. அடிபட்ட மானை எக்ஸ்ரே எடுத்தால் காயத்தைச் சுற்றி வெள்ளைத் தூசி தெளித்தது போல ஈயத்துணுக்குகள் தெரியும். குண்டு போன பாதையிலிருந்து ஒரு சாணுக்கு அப்பாலும் இருக்கும். கண்ணுக்கும் தெரியாது, பல்லிலும் படாது. 2008-இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கென வேட்டைக்காரர்கள் தானமாகக் கொடுத்த மானிறைச்சியில் ஈயம் இருந்ததால், உணவு வழங்கும் மையங்கள் அதைக் கொடுக்க வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்ல நேர்ந்தது.

வேட்டைக்காரர் காட்டிலேயே விட்டுவரும் குடலை வெண்தலைக் கழுகு தின்கிறது. அதன் வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்த ஆய்வு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது: ஏறக்குறையப் பாதிக் கழுகுகளுக்கு நாள்பட்ட ஈய நச்சு. கலிஃபோர்னியாவில் 1982-இல் 22 மட்டுமே மிஞ்சியிருந்த காண்டோர் கழுகுகளின் முதல் எதிரியும் ஈயம்தான். அந்த மாநிலம் 2019 ஜூலையிலிருந்து வேட்டையில் ஈயத் தோட்டாவையே தடை செய்துவிட்டது. செத்த கழுகின் எலும்பில் ஈயம் அளக்கும் வேலைக்குப் பளபளப்பான அறிவிப்புகள் வராது, நிதி கேட்டால் கடைசி வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்த அது போன்ற அளவீடுகள் இல்லாவிட்டால் இந்தச் சட்டமே வந்திருக்காது.

மாற்று, முழுச் செம்புக் குண்டு. இது விரியும், சிதறாது. இங்கேதான் துப்பாக்கியையும் தோட்டாவையும் பொருத்திப் பார்க்கும் நல்ல யோசனைக்கு வேலை இருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 9-க்குச் சற்றுக் குறைவு. அதே எடை வேண்டுமானால் குண்டு நீளமாக வேண்டும். நீளமான குண்டு தலைகுப்புறக் கவிழாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். குண்டைச் சுழற்றுவது குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள்வரிகள்; அவை அந்த அளவுக்கு முறுக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய துப்பாக்கி சிலவற்றில் அந்த முறுக்கு போதாது. எடை குறைந்த செம்புக் குண்டை எடுத்தால் சரியாகிவிடும். செம்பு விரிவதற்கு வேகமும் கூடுதலாக வேண்டும் என்பதால் எடை குறைந்த, வேகமான குண்டு அதற்கும் தோது. .270, .30-06, 6.5 என்று மூன்றிலும் செம்புத் தோட்டா கிடைக்கிறது. வாசகரின் அலுவலக நண்பர்கள் அவரவர் துப்பாக்கியையே வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு செம்புத் தோட்டாவைத் தேர்ந்து, மூன்றுக்குப் பதில் பத்துக் குண்டாகச் சுட்டுப் பார்த்து, மிச்ச நேரத்தைக் கவைக்கொம்போடு பழகச் செலவிடலாம்.