ஃபேன் சுற்றுகிறது, பிராசசர் ஏன் கொதிக்கிறது?

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற எங்களுக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் தானாக அணைகிறது. உடனே திரும்பப் போட்டால் முன்பைவிடச் சீக்கிரமாக அணைகிறது. கால் மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் சூட்டைத்தான்.

எங்களிடம் வருவதற்குள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களிடம் யாராவது ஒருவர், "பிராசசர் போச்சு, மாத்தணும்" என்றோ, "இந்தக் கம்பெனி ஃபேன் பத்தாது, பெரிய கூலர் போடணும்" என்றோ சொல்லியிருப்பார். கூலர் என்பது பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஃபேனும் உலோகத் தகடுகளும் சேர்ந்தது. சின்னக் கடைக்காரரும் படிக்கிற பிள்ளையும் அதை நம்பிப் பல ஆயிரம் ரூபாய் செலவழிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பில்லிங், டைப்பிங், ஆன்லைன் வகுப்பு என்று ஓடுகிற கம்ப்யூட்டருக்குப் பிராசசர் பெட்டியோடு வந்த ஃபேனே போதும். அந்த ஃபேன் வரைக்கும் சூடு வந்து சேர்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

பிராசசர் அவ்வளவு எளிதில் வெந்துபோவதும் இல்லை. இன்டெல்லின் டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசர்களில் மாடலைப் பொறுத்து பெரும்பாலும் 90 அல்லது 95. அந்த வரம்பைத் தொட்டதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "கம்ப்யூட்டர் திடீர்னு ஸ்லோ ஆயிடுது" என்று சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். அதற்கும் மேலே ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முழுசாக அணைந்துவிடும். அணைவது பாதுகாப்பு ஏற்பாடு, பிராசசர் செத்ததற்கான அடையாளம் இல்லை.

எதையும் கழற்றுவதற்கு முன் சூட்டை அளந்து பாருங்கள். கோர் டெம்ப், எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றைப் போட்டால் டிகிரி கணக்கு தெரிந்துவிடும். காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே பிராசசரைக் கொண்டுபோக முடியாது. நம் ஊர் மே மாதத்தில் அறையே 36 டிகிரி இருக்கும்போது, சும்மா இருக்கும் பிராசசர் 45 முதல் 50 வரை காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. வேலை செய்யும்போது 70, 80 வரை போவதும் இயல்பு. சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டினாலோ, ஒரு எக்செல் கோப்பைத் திறந்த உடனே 95-க்குப் பாய்ந்தாலோதான் கோளாறு. பயாஸ் திரையில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கிற கம்ப்யூட்டரின் அமைப்புத் திரை) பார்க்கிற அளவு விண்டோஸில் சும்மா இருக்கும்போது வருவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ஒரு பலகாரக் கடை ஆச்சி கேட்டார்: "தம்பி, ஃபேன்தான் நல்லாச் சுத்துதே, அப்புறம் எப்படிச் சூடாகும்?" நியாயமான கேள்வி. பிராசசரில் பிறக்கும் சூடு அதன் மேலுள்ள உலோக மூடிக்கு வந்து, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட்சிங்க் எனப்படும் அலுமினியத் தகடுகளுக்கு ஏற வேண்டும். அந்தத் தகடுகளின் மேல் காற்றை ஊதுவது மட்டுமே ஃபேனின் வேலை. தகடுகளுக்குச் சூடு வராவிட்டாலும், தகடுகளுக்கிடையே காற்று புக வழியில்லாவிட்டாலும், ஃபேன் சுற்றி ஒரு பயனும் இல்லை.

அந்த ஆச்சியின் கடையில் நடந்தது இரண்டாவது வகை. தேன்குழலும் அதிரசமும் வேகிற அடுப்புக்குப் பக்கத்திலேயே பில்லிங் மேசை. எண்ணெய்ப் புகையும் மாவுத் தூசியும் சேர்ந்து தகடுகளுக்கிடையே பிசினாகப் படிந்து, ஃபேனுக்கு அடியில் ஒரு கம்பளமே உருவாகியிருந்தது. இது காற்றடிக்கும் ப்ளோயருக்குப் பறக்காது. ஃபேனைத் தனியாகக் கழற்றி, ஹீட்சிங்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும்.

இடத்துக்கு இடம் தூசி வேறு. கண்டாங்கிச் சேலை நெய்கிற வீடுகளில் பஞ்சு இழை. ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறைகளில் சிமெண்ட்டுத் தூள். ஈரம் பட்டால் அது தகட்டிலேயே இறுகிவிடும். கல்யாணத்துக்காக வெள்ளையடிக்கும் வீட்டில் சுண்ணாம்புத் தூசி. அந்த நாட்களில் கம்ப்யூட்டரை அணைத்து, துணி போட்டு மூடிவைத்தால் பாதிப் பிரச்சினை வராது. ஆனால் ஓடும்போது எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கட்டுப்பாடில்லாமல் சுற்றினால் பேரிங் கெடும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்கு வெளியிலிருந்து காற்றடிக்கலாம், அதைத் திறக்கவே திறக்காதீர்கள். கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

தூசி இல்லாமலும் சூடாகிறது என்றால் முதல் வகை. இங்கேதான் இன்டெல்லின் நான்கு பிளாஸ்டிக் பின்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஹீட்சிங்கை மதர்போர்டோடு, அதாவது பிராசசர் பொருந்தியிருக்கும் பெரிய போர்டோடு, பிடித்துவைத்திருப்பது இவைதான். பழைய கம்ப்யூட்டர்களில் சூட்டுப் புகாருக்கு நான் அதிகம் பார்க்கிற காரணமும் இவைதான். நான்கில் ஒன்று கிளம்பியிருந்தால் போதும், ஹீட்சிங்க் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத இடைவெளி அது. ஆனால் கம்ப்யூட்டர் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் 90 டிகிரி வந்துவிடும். மேலிருந்து பார்த்தால் நான்கும் மாட்டியிருப்பதுபோலவே இருக்கும். மதர்போர்டின் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: நான்கு துளைகளிலும் வெள்ளைக் கால்கள் விரிந்து, நடுவில் கறுப்பு முள் ஒரே அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கழற்றும்போது பின்னின் தலையை அதிலுள்ள அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுக்க வேண்டும். மாட்டுவதற்கு முன் நான்கையும் மறுபடி பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். இதை மறந்துவிட்டு அழுத்துகிறவர்கள்தான் நிறைய. அப்புறம் குறுக்காக எதிரெதிரே இருக்கும் இரண்டை ஒன்றாக அழுத்துங்கள், 'டக்' என்று சத்தம் வரும். பிறகு மற்ற இரண்டு. ஒரே பக்கத்து இரண்டை முதலில் அழுத்தினால் ஹீட்சிங்க் சாய்ந்து, பேஸ்ட் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். போர்டு வளைகிற அளவுக்குப் பலம் கொடுக்க வேண்டியிருந்தால், அதைக் கேபினட் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவைத்துச் செய்வது நல்லது. வெள்ளைக் கால் உடைந்திருந்தால் ஒட்டுப்போடாமல் பின்னையோ கூலரையோ மாற்றிவிடுங்கள்.

ஏஎம்டியில் வேறு ஆபத்து. ஏஎம்4 வகைப் போர்டுகளில் பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தால், கூலரை நேராக மேலே இழுக்கும்போது பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அடியிலுள்ள ஊசிக் கால்கள் வளைந்தால் பெரிய செலவு. அதனால் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கரண்டைப் பிடுங்கிவிட்டு, பேஸ்ட் இளகியிருக்கும்போதே கூலரை இடம் வலமாக மெல்லத் திருகிப் பிறகு தூக்குங்கள்.

கூலரை ஒருமுறை தூக்கிவிட்டால் பழைய பேஸ்ட்டின் ஆயுள் முடிந்தது. இரண்டு பக்கமும் ஆல்கஹால் தொட்ட துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டு, நடுவில் ஒரு சின்னப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். அள்ளி அப்பினால் கூடுதலாகக் குளிராது. இரண்டு உலோகப் பரப்பிலும் உள்ள நுண்ணிய பள்ளங்களில் காற்று நிற்காமல் அடைப்பதற்குத்தான் பேஸ்ட். தடிமனாக நின்றால் அதுவே தடை. பற்பசை தடவிய கம்ப்யூட்டர்களும் வருகின்றன. அதிலுள்ள தண்ணீர் இருக்கும் வரை வேலை செய்யும், காய்ந்ததும் சுண்ணாம்புக் கட்டிதான். புதுக் கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே பூசி வந்திருந்தால் மேலே இன்னொன்று பூச வேண்டாம்.

ஃபேன் ஒயரை எங்கே செருகுகிறோம் என்பதையும் பாருங்கள். போர்டில் 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்தில்தான் அது இருக்க வேண்டும். வேறு இடத்தில் செருகினால் பிராசசர் சூடேறுவதற்கு ஏற்ப ஃபேன் வேகம் கூடாமல் போகலாம். பயாஸில் ஃபேன் 'சைலன்ட்' நிலையில் இருந்தால் 'ஸ்டாண்டர்டு' ஆக்குங்கள். கரகரவென்று சத்தம் போடும் ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது சில வாரத்துக்குத் தாங்கும், அப்புறம் தூசியோடு சேர்ந்து இறுகும். ஃபேனை மாற்றுவதே சரி.

பெட்டியோடு வந்த ஃபேன் போதாத இடமும் இருக்கிறது. இன்டெல்லின் ஐ7-12700 பிராசசரின் அடிப்படை அளவு 65 வாட் என்று போட்டிருக்கும், ஆனால் வேகத்தைக் கூட்டி ஓடும் 'டர்போ' நிலையில் 180 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. வீடியோ எடிட்டிங் செய்கிற ஸ்டுடியோக்காரர்கள் மணிக்கணக்கில் அப்படி ஓட்டினால் சின்னக் கூலர் திணறும். அங்கே பெரிய கூலர் வாங்குவது நியாயமான செலவு. வாங்க முடியாவிட்டால் பயாஸில் மின்வரம்பை 65 வாட்டுக்கு இறக்கிவைக்கலாம். எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் ரெண்டர் கொஞ்சம் நேரமெடுக்கும், சூடு அடங்கும். செகண்ட் ஹேண்ட் கூலர் வாங்குகிறவர்கள் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழைய இன்டெல் கூலர்களில் நடுவில் செம்பு வட்டம் உள்ளதும் உண்டு, முழுக்க அலுமினியமும் உண்டு. ஐ5, ஐ7 பிராசசர்களுக்குச் செம்பு உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகக் கேபினட் வைக்கிற இடம். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், நடுவே வளவு எனும் முற்றம் வானத்துக்குத் திறந்திருக்கும். முன்னால் நுழைந்த காற்று வெக்கையை எடுத்துக்கொண்டு போய்விடும். கேபினட்டுக்குள்ளும் அதே கணக்குத்தான், முன்பக்கம் உள்ளே, பின்பக்கம் வெளியே. அப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்துகொண்டே, கேபினட்டைப் பின்பக்கம் அடைத்த மரமேசைக்குள்ளோ வளவைச் சுற்றியுள்ள ஜன்னலில்லாத அறையிலோ வைத்துவிடுகிறோம். பின்னால் ஒரு ஜாண் இடைவெளியாவது விடுங்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு பூட்டிய வீட்டைக் கேமராவில் பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த ரெக்கார்டிங் கம்ப்யூட்டர் காற்றில்லாத அறையில் 24 மணி நேரமும் ஓடுகிறது. முன்னோருக்கான படைப்புக்கோ திருவிழாவுக்கோ வந்து வீட்டைத் திறக்கும்போது கேபினட்டையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பல்லி முட்டையும் சிலந்திக் கூடும் ஃபேனுக்குள் இருப்பது சாதாரணம்.

இதையெல்லாம் நீங்களே செய்யத் தயக்கமாக இருந்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது எத்தனை டிகிரி காட்டியது, திரும்ப வாங்கும்போது எத்தனை காட்டுகிறது, இரண்டையும் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிராசசரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், பேஸ்ட் மாற்றி, பின் சரியாக மாட்டிய பிறகு என்ன அளவு வந்தது என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்ல முடியாதவரிடம் காசு கொடுக்காதீர்கள்.