சாதனமும் பேக்கப்பும் ஒரே அலமாரியில் இருந்தால்…

கிரிப்டோ வாலட் பாதுகாப்பு பற்றி ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஹேக்கர் மேல்தான் பயம். சீட் ஃப்ரேஸ், அதாவது வாலட்டை மீட்க உதவும் ரகசியச் சொல் வரிசை, எங்கே இருக்கிறது என்று கேட்டால், தாளில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்திருப்பதாகச் சொல்வார்கள். வாலட்டின் சாவியை வைத்திருக்கும் சிறு சாதனமான ஹார்டுவேர் வாலட்? அதே அலமாரியில்தான். ஒரு தீ விபத்து போதும், இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

காசு அந்தச் சாதனத்துக்குள் இல்லை, பிளாக்செயின் என்ற பொது இணையப் பதிவேட்டில் இருக்கிறது. சாதனம் கருகிப்போனால் புதிதாக ஒன்று வாங்கி, சீட் ஃப்ரேஸின் 12 அல்லது 24 சொற்களை உள்ளிட்டு மீட்டுவிடலாம். வேறு பிரதி இல்லாமல் சொற்களும் போய்விட்டால், வாலட்டைத் தயாரித்த நிறுவனத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

தாள் சுமார் 230 டிகிரி செல்சியஸில் பற்றிக்கொள்ளும். வீட்டுத் தீ 600 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரம் எரிந்தபோது, கார்களின் அலுமினியம் உருகித் தரையில் ஓடி உறைந்து கிடந்தது. அலுமினியத்தின் உருகுநிலை 660 டிகிரிதான். அதனால் தாளுக்குப் பதில் சொற்களைப் பதித்து வைக்க விற்கும் தகட்டை உலோகம் என்று விளம்பரம் செய்தால் மட்டும் போதாது, எந்த உலோகம் என்று பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏறக்குறைய 1400 டிகிரி வரை தாங்கும், டைட்டானியம் 1668 வரை. கடலோரத்தில் இருப்பவர்கள் 316 வகை ஸ்டீலைத் தேர்ந்தெடுப்பது நல்லது, உப்புநீர் அதை அவ்வளவு எளிதில் அரிக்காது. தனித்தனி எழுத்து வில்லைகளை ஒரு சட்டத்தில் கோத்து வைக்கும் வகை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சட்டம் நசுங்கினால் வில்லைகள் சிதறிவிடும். ஒரே தகட்டில் எழுத்துகளை அடித்துப் பதிப்பதே மேல். சீட் ஃப்ரேஸ் சொற்கள் எடுக்கப்படும் வழக்கமான பிஐபி-39 ஆங்கிலப் பட்டியலில் உள்ள 2048 சொற்களையும் முதல் நான்கு எழுத்துகளை வைத்தே பிரித்தறிய முடியும். அந்த நான்கைப் பதித்தாலே போதும்.

தீத்தாங்கு பெட்டகம் இருக்கிறதே என்பார்கள். தாளுக்கான பெட்டகம் உள்ளே சுமார் 177 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளும், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான். தாள் அதில் பிழைக்கும். பென்டிரைவ் பிழைக்கும் என்று நம்ப முடியாது. அப்புறம், தீயை அணைக்க அடிக்கும் தண்ணீர் இருக்கிறது. தீத்தாங்கு என்றால் நீர்புகாது என்று பொருளில்லை. சில வகை ஜெல் பேனா மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து கரையாது. லேமினேட் செய்த தாள் தண்ணீரைத் தாங்கலாம், ஆனால் சூட்டில் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் விட முக்கியம் தூரம். 2011-இல் ஜப்பானில் சுனாமி அடித்தபோது ஆயிரக்கணக்கான பெட்டகங்கள் இருந்த இடத்திலிருந்தே அடித்துச் செல்லப்பட்டன. எவ்வளவு நல்ல தகடாக இருந்தாலும் அது எங்கே கிடக்கிறது என்று தெரியாவிட்டால் என்ன பயன்? இரண்டாவது பிரதி அதே ஆற்றின் வெள்ளம் எட்டாத, அதே நிலநடுக்கப் பகுதியில் இல்லாத ஊரில் இருக்கட்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் உறவினர் வீடு கணக்கில் வராது.

இங்கேதான் சிலர் அதிபுத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்கிறார்கள். பாதிச் சொற்கள் ஓரிடம், மீதி இன்னோரிடம். பேரிடரைப் பொறுத்தவரை இது ஆபத்தை இரட்டிப்பாக்குவதுதான். எந்த இடம் போனாலும் மொத்தமும் போச்சு. பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்றால் மல்டிசிக் முறை இருக்கிறது: தனித்தனி சீட் ஃப்ரேஸ் கொண்ட மூன்று சாவிகளை மூன்று இடத்தில் வைத்தால், அவற்றில் இரண்டு இருந்தாலே பணத்தை எடுக்கலாம். ஆனால் அதில் ஒரு பொறி: மூன்றாவது சாவியின் பொது விவரம், அதாவது எக்ஸ்பப், இல்லாவிட்டால் இரண்டு சீட் ஃப்ரேஸ் கையில் இருந்தும் பணத்தை எடுக்க முடியாது. அதனால் இந்தப் பொது விவரங்கள் அடங்கிய வாலட்டின் அமைப்புக் கோப்பை மூன்று இடத்திலும் வையுங்கள். சீட் ஃப்ரேஸுடன் பாஸ்ஃப்ரேஸ் என்ற கூடுதல் ரகசியச் சொல்லையும் சேர்த்திருந்தால் அதற்கும் தனியாக ஒரு பேக்கப் வேண்டும். நினைவில் இருக்கிறது என்ற சமாதானம் வேண்டாம்.

பேரிடர் நடந்துவிட்டதா? தீயில் கிடந்த பெட்டகத்தை உடனே திறக்காதீர்கள். உள்ளே சூடு தணியாமல் காற்று புகுந்தால் தாள் அப்போதும் பற்றலாம். நனைந்த தாள்களைப் பிரித்து இழுக்காமல் நிழலில் உலரவிடுங்கள். மீட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்கள் சீட் ஃப்ரேஸைக் கேட்டால் கொடுக்க வேண்டாம், எந்த இணையதளத்திலும் தட்டச்சு செய்யவும் வேண்டாம். இடிபாடுகளில் ஒரு பிரதி காணாமல் போயிருந்தால், இன்னொரு பிரதியை வைத்து வாலட்டைத் திறந்து, புதிய சீட் ஃப்ரேஸ் உருவாக்கி, பணம் முழுவதையும் அதற்கு மாற்றிவிடுங்கள். பழைய தகடு யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது.