கார்பனைக் காட்டிக் கடவுளை நிரூபிக்க முடியுமா?

பிரபஞ்சத்தில் இவ்வளவு ஒழுங்கு இருக்கிறதே, யாரும் திட்டமிடாமல் இது அமைந்திருக்குமா? கண்ணையோ சிறகையோ காட்டி இப்படிக் கேட்டால், டார்வின் 1859-இல் விளக்கிய இயற்கைத் தேர்வே போதுமான பதில். ஆனால் இயற்பியல் விதிகள் குட்டி போட்டுப் பெருகுவதில்லை. அங்கே அந்தப் பதில் செல்லாது. அதனால்தான் படைப்பாளருக்காக வைக்கப்படும் வாதங்களில் கார்பன் வாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். உயிருக்கு அடிப்படையான கார்பன் உருவாகும்படி இயற்பியல் விதிகளை யாரோ நுட்பமாகத் திட்டமிட்டு அமைத்திருக்க வேண்டும் என்பதே அந்த வாதம்.

நம் உடம்பில் உள்ள கார்பன் நட்சத்திரங்களுக்குள் உருவானது. வயதான நட்சத்திரத்தின் மையம் சுமார் 10 கோடி டிகிரிக்குச் சூடாகும்போது, இரண்டு ஹீலியம் அணுக்கருக்கள் மோதி பெரிலியம்-8 ஆகின்றன. ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம்கூட அது தாங்காது, உடைந்துவிடும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து ஒட்ட வேண்டும். வெறும் மோதலை மட்டும் நம்பினால் இன்றுள்ள கார்பனில் சிறு துளிகூடத் தேறாது.

1953-இல் பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயில் இதைத் தலைகீழாக யோசித்தார். கார்பன் ஏராளமாக இருக்கிறது; அப்படியானால் இந்த மோதலின் ஆற்றலோடு பொருந்தும் ஓர் ஆற்றல் நிலை, அதாவது அணுக்கரு ஏற்கக்கூடிய குறிப்பிட்ட ஆற்றல் அளவுகளில் ஒன்று, கார்பன் அணுக்கருவில் இருந்தே ஆக வேண்டும். ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் உயரம் கூடுவதுபோல, ஆற்றல் பொருந்தினால் இணைவு பன்மடங்கு வேகமாகும். அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் வார்டு வேலிங் குழுவினர் தேடினார்கள். இருந்தது! 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு; கீழே வரும் ஆற்றல் எண்களும் இதே அலகில்தான்).

இன்னொன்றும் உண்டு. கார்பனும் ஹீலியமும் சேர்ந்து ஆக்சிஜன் ஆகும் அடுத்த கட்டத்தில், மோதல் ஆற்றல் 7.16-இல் தொடங்குகிறது, ஆக்சிஜனின் ஆற்றல் நிலையோ 7.12-இல், மயிரிழை கீழே. அது சற்று மேலே இருந்திருந்தால் கார்பனில் பெரும்பகுதி ஆக்சிஜனாகிவிட்டிருக்கும். நாத்திகரான ஹாயிலே பிற்காலத்தில், ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கைவைத்தது போலத் தோன்றுகிறது என்று எழுதினார்.

அவருடைய வியப்பு நியாயமானதுதான். ஆனால் 7.65 என்ற எண்ணைப் பார்த்து மலைப்பதற்கு முன், அந்த நிலையின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். அதில் கார்பன் அணுக்கரு ஏறக்குறைய மூன்று ஹீலியங்கள் தளர்வாகக் கூடி நிற்பதுபோல இருக்கிறது. அதனால் அதன் ஆற்றல் மூன்று தனி ஹீலியங்களின் மொத்த ஆற்றலான 7.27-க்கு அருகில் இருப்பது இயல்பே. 1989-இல் மாரியோ லிவியோவும் உடன் ஆய்வாளர்களும் அந்த நிலையை 0.06 அளவுக்கு நகர்த்திக் கணக்கிட்டார்கள். கார்பன் அளவு பெரிதாக மாறவில்லை. 0.277 உயர்த்தியபோதுதான் அது சரிந்தது.

சரி, அந்த நிலையைத் தீர்மானிக்கும் அணுக்கரு விசையும், புரோட்டானையும் நியூட்ரானையும் ஆக்கும் நுண்துகள்களான குவார்க்குகளின் நிறைகளும் ஏன் இப்படி இருக்கின்றன? நியாயமான கேள்வி. 2013-இல் வந்த கணக்கீடுகளின்படி, குவார்க் நிறைகள் 2 அல்லது 3 சதவீதம் மாறினாலும் கார்பனும் ஆக்சிஜனும் உருவாகும். அந்த இடைவெளி குறுகலா, அகலமா? அதைச் சொல்ல, நிறைகள் எந்த எல்லைக்குள் எல்லாம் இருந்திருக்க முடியும் என்று தெரிய வேண்டும். நம் கையில் இருப்பது ஒரே பிரபஞ்சம். ஆகவே ‘இது தற்செயலாக நடக்க வாய்ப்பே இல்லை’ என்பதைக் கணக்காகப் போட்டுக் காட்ட முடியாது. பல பிரபஞ்சங்கள் இருப்பதாகச் சொல்லி இதற்குப் பதில் தேடுபவர்களுக்கும் இதே சிக்கல்தான்: அந்தப் பிரபஞ்சங்களில் இந்த நிறைகளின் மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கும் என்று அவர்களும் காட்டியாக வேண்டும்.