சீல் மாற்றியும் பக்கட் இறங்குகிறதா?

மழை தொடங்கினால் எங்கள் கராஜுக்கு பெக்கோ வரத் தொடங்கிவிடும். அட்டன், நுவரெலியா பக்கம் எங்காவது மண்மேடு சரியும், இரவு பகலாக மண் அள்ளுவார்கள், அப்புறம் எண்ணெய்ப் பிரஷரால் பக்கட்டைத் தூக்குகிற ஹைட்ரோலிக் சிலிண்டர் ஏதாவது ஒன்று ஒழுகும். அப்படி வந்த ஓர் ஓட்டுநர் தம்பி வண்டியை விட்டு இறங்கியதுமே சொன்னார்: "அண்ணே, ரெண்டு மாசத்துல மூணு தடவ சீல் கிட் போட்டாச்சு. தூக்கி வச்சா முன்பக்கட் இன்னும் இறங்குது."

மூன்று தடவையும் பிஸ்டன் சீலை, அதாவது சிலிண்டருக்குள் ஓடுகிற பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் தாண்டாமல் தடுக்கிற வளையத்தை, மாற்றியிருக்கிறார்கள். பழுது அங்கே இல்லவே இல்லை. லீவரை ஆட்டினால் எண்ணெயைத் திருப்பிவிடுகிற கொன்ட்ரோல் வால்வுக்குள் முன்பின் நகர்கிற தண்டான ஸ்பூல் தேய்ந்து, எண்ணெய் அதன் வழியாக மெல்ல டாங்கிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இது நம் தொழிலில் பலர் தவறாகப் புரிந்துகொள்கிற இடம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

100 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள சிலிண்டர் ஒன்று, அதில் பிஸ்டனோடு சேர்ந்து வெளியே நீள்கிற 60 மில்லிமீற்றர் ரொட் என்று வைத்துக்கொள்வோம். பாரம் மேலிருந்து ரொட்டை உள்ளே அமுக்குகிறது. வால்வு இரண்டு பக்கமும் நன்றாக அடைத்திருக்கிறது, ஆனால் பிஸ்டன் சீல் கிழிந்திருக்கிறது. பாரம் தடாலென்று இறங்கிவிடுமா? இறங்காது. அடிப்பக்கத்து எண்ணெய் ரொட் பக்கம் போகப் பார்க்கும், ஆனால் அங்கே ரொட் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் வருகிற எண்ணெய் முழுவதற்கும் இடம் இருக்காது. வெளியே போகவும் வழியில்லை. ஆகவே பாரம் சற்றே தாழ்ந்து நின்றுவிடும். இப்போது அந்தப் பாரத்தைத் தாங்குவது பிஸ்டனின் முழுப் பரப்பல்ல, ரொட்டின் பரப்பு மட்டும்தான். முன்பு 78.5 சதுர சென்ரிமீற்றர், இப்போது 28.3. பிரஷர் ஏறக்குறைய 2.8 மடங்காகிவிடும். அவ்வளவும் ரொட் வெளியே வருகிற வாயில் இருக்கிற ரொட் சீலின் தலையில் விழும். "புது ரொட் சீல், ஒரு வாரத்தில் பிய்ந்துவிட்டது" என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் பிஸ்டன் சீலைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பாரம் ரொட்டை வெளியே இழுக்கிற சிலிண்டரில் கதை வேறு. அங்கே பிஸ்டன் சீல் போனால் பாரம் நிச்சயம் இறங்கும். எனவே எந்தப் பக்கம் பாரம் என்று பார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

சோதிப்பது கடினமில்லை. பாரம் எதுவும் தொங்காத நிலையில் ரொட்டை முழுதாக உள்ளே இழுத்து, என்ஜினை நிறுத்தி, லீவரை ஆட்டிப் பிரஷரை விட்டுவிடுங்கள். அடிப்பக்க ஹோஸைக் கழற்றி அதன் வாயை பிளக்கால் அடைத்துவிட்டு, ரொட் பக்கத்துக்குப் பிரஷர் கொடுங்கள். சிலிண்டரின் திறந்த வாய்க்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. முதலில் மிச்ச எண்ணெய் கொஞ்சம் வடியும். அதற்குப் பிறகும் நிற்காமல் வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. வராவிட்டால் வால்வைப் பாருங்கள்.

இன்னொன்று, நம் குளிர். பகல் முழுக்க வேலை செய்த எண்ணெய் 60 பாகை சூட்டில் இருக்கும். நுவரெலியாவில் இரவு அது 15 பாகைக்கு ஆறிவிடும். ஆறினால் எண்ணெய் சுருங்கும். ஒரு மீற்றர் நீண்டு நிற்கிற சிலிண்டரில் அந்தச் சுருக்கம் 3 சென்ரிமீற்றர் அளவுக்கு வரும். காலையில் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்து உடனே சீல் கிட் வாங்க ஓடாதீர்கள். எண்ணெய் ஆறிய பிறகு ஓர் அடையாளம் போட்டு, அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

கழற்றிய பழைய சீலை நான் எறியவே மாட்டேன். பத்திரிகைத் தாளை விரித்து, சீலை மண்ணெண்ணெயில் கழுவி வைத்து, விளக்கு வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ரொட்டை நேராகத் தாங்குகிற புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது ரொட் வளைந்திருக்கிறது. பின்னோரம் எலி கடித்ததுபோலப் பிய்ந்திருந்தால், பிரஷர் அதை இடைவெளிக்குள் தள்ளியிருக்கிறது. நீளவாக்கில் கோடு கோடாக இருந்தால் ரொட்டில் மண். தொட்டால் ஊறிப் பருத்திருந்தால் தவறான ரப்பர். பிரேக் கிட்டில் கிடைத்த ஓ ரிங் ஒன்றை ஹைட்ரோலிக் எண்ணெயில் போட்டு இப்படி ஊதிப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு, ரப்பர்தான் வேறு.

மலைநாட்டில் சீலைக் கொல்வது பெரும்பாலும் ஈரம். ரொட்டின் மேலிருக்கிற குரோம் பூச்சு தலைமுடியை விட மெல்லியது. ரொட்டை நீட்டியபடியே வண்டியைப் பனியிலும் மழையிலும் வாரக்கணக்கில் விட்டால் துரு புள்ளி புள்ளியாகக் கிளம்பும். நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அந்த ரொட்டுக்குப் புது சீல் போடுவது வீண் செலவு. வண்டியை நிறுத்தும்போது முடிந்தவரை ரொட்டை உள்ளே இழுத்து நிறுத்துங்கள். சீலோடு சேர்த்து, ரொட்டைத் துடைக்கிற வெளி வளையமான வைப்பரையும் மாற்றுங்கள், மண்ணைத் தடுப்பது அதுதான். எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, முதலில் அதை மாற்றுங்கள்.

நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளில் 4 லீற்றருக்கு மேல் போய்விடும். அது மலைச்சரிவில் ஓடிப் பீலித் தண்ணீருக்குத்தான் போகும். கீழே இருக்கிற லயத்தில் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

பாரத்தைத் தாங்குவது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் வேலை பழகிய கராஜில் ஒரு டிப்பரின் தொட்டியைத் தூக்கிவிட்டு, பொடியன் ஒருவன் அடியில் கிறீஸ் அடித்துக்கொண்டிருந்தான். புது சீல் போட்ட சிலிண்டர்தானே என்று யாரும் முட்டுக் கொடுக்கவில்லை. ஒழுகியது சீல் அல்ல. பழைய ஹோஸ் வெடித்தது. சத்தம் கேட்டு அவன் வெளியே உருண்டான், தொட்டி செசியில் வந்து அடித்தது. அவன் செருப்பு ஒன்று உள்ளேயே நசுங்கிக் கிடந்தது. சீல் என்பது எண்ணெயைத் தடுக்கத்தான். ஹோஸ் வெடித்தாலும் பாரம் நிற்க வேண்டுமென்றால் எண்ணெய் திரும்பி ஓடாமல் பிடிக்கிற பூட்டு வால்வு சிலிண்டரின் உடம்பிலேயே இருக்க வேண்டும். ஹோஸுக்கு அப்பால் கொன்ட்ரோல் வால்வோடு இருந்தால் பயனில்லை. அந்த வால்வு இருந்தாலும் அடியில் ஆள் போவதற்கு முன் இரும்பு முட்டு கட்டாயம்.

ஒழுக்கைக் கையால் தடவித் தேடவே தேடாதீர்கள். ஊசித்துளை ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு எண்ணெய் உள்ளே போய்விடும். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். யாருக்காவது குத்திவிட்டால், காயம் எறும்பு கடித்த அளவுதான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இல்லாமல் போகலாம். மருந்து போட்டுக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். சத்திரசிகிச்சை செய்யக்கூடிய பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்போதே கொண்டுபோங்கள். வைத்தியரிடம் "பிரஷரோடு எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள், முடிந்தால் எண்ணெய் டின்னின் லேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள்.